மெட்ராஸ் மருதப்பன்

கேம்பல் லேன்
சிங்கப்பூர்
12 பிப்ரவரி 1979

உர்சுலாவுக்கு மாமா எழுதுவது.

சனிக்கிழமை காலை நீ கடையை விட்டு இறங்கிப் போனாய். வீட்டுக்குப் போய்ப் பெட்டியை எடுத்துக்கொண்டு, புக்கிட் மேராவில் உன் அக்காள் ஜோன் வீட்டுக்குப் போய்விட்டாய். நடந்தது இவ்வளவுதான். ஃபோன் செய்தேன். ஜோன் எடுத்து, "அவ இல்ல மாமா" என்றாள். பின்னால் நீ இருமுவது கேட்டது. அதனால் எழுதுகிறேன்.

கோபத்தில் பாதி கேட்டிருப்பாய், பாதி கேட்டிருக்க மாட்டாய். என் பக்கத்தையும் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். கேலாங் ரத்தினம்மா மகள் கல்யாணப் பத்திரிகைக்காக வந்திருந்தார். நீ உள்ளே மை கலக்கிக்கொண்டிருந்தவள் எதற்கோ வெளியே வந்தாய். அந்த அம்மாள் அட்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டே, "மெட்ராஸ்காரர் கையே தனி லா. இந்த மயில் கூப்பிட்டா வந்துரும் போலிருக்கு" என்றார். "எந்த மெட்ராஸ்காரர்?" என்று கேட்டாய். "ஓவியர் மருதப்பன். உங்க மாமாதான் சொன்னாரு. உனக்கே தெரியாதா?" என்றார். நீ என்னைப் பார்த்தாய். நான் ரசீது எழுதிக்கொண்டிருந்தேன்.

மருதப்பன் என்று யாரும் இல்லை. அந்த மயில் உன் மயில். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஏன் என்று நீ கேட்கவில்லை. என் மகன் ஆம்ப்ரோஸை அடக்கம் செய்துவிட்டுக் கடையைத் திறந்த வாரத்திலேயே இரண்டு வீட்டார் முன்பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள். மூன்றாவதாக வந்தவர் முகத்துக்கு நேராகவே கேட்டார்: "தாலி அறுத்த பொண்ணு வரைஞ்ச பத்திரிகையில எங்க பொண்ணு பேரைப் போடச் சொல்றீங்களா?" அவர் நல்ல மனிதர்தான். துக்கத்துக்கும் வந்திருந்தார். பத்திரிகை வாங்க வருகிறவர் அட்டையை மட்டுமா வாங்குகிறார்? நல்ல சகுனத்தையும் சேர்த்து வாங்குகிறார். நான் இரண்டையும் விற்றாக வேண்டும். "இனிமே மெட்ராஸ்ல ஒருத்தர் வரையுறாரு" என்று அன்றைக்கு வாயில் வந்ததைச் சொன்னேன். பேர் கேட்டார். பேரும் வந்துவிட்டது. அந்த மாதத்திலிருந்து ஆர்டர் குறையவில்லை.

உன் சம்பளத்தில் ஒரு காசு குறைத்தேனா? மாமனார் கடை என்று சும்மா வேலை வாங்கினேனா? இல்லை. வேறு என்ன குறை?

ரத்தினம்மா பத்திரிகையில் பாதிதான் அச்சாகியிருக்கிறது. கல்யாணம் மார்ச் நான்காம் தேதி, மாரியம்மன் கோயிலில். நீ திங்கட்கிழமையாவது வந்தால் வேலை முடியும். அத்தை உன்னை விசாரிக்கிறாள். விசாரிக்கிறாள் என்றால், சோற்றைப் போட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போகிறாள்.

சவரிராஜ்


புக்கிட் மேரா
17 பிப்ரவரி 1979

மாமா,

ரத்தினம்மாவின் மிச்சப் பத்திரிகைகளை முடித்துத் தருகிறேன். அட்டையையும் ஸ்கிரீன் சட்டத்தையும் பேப்பர்க்கடை அஹமது கபீர் பாயின் வேனில் அனுப்பிவையுங்கள். தங்க எழுத்தை மட்டும் நீங்கள் அங்கே மெஷினில் அழுத்திக்கொள்ளுங்கள். கல்யாணப் பெண் ஒரு தப்பும் செய்யவில்லை.

ஏன் என்று கேட்கவில்லை என்கிறீர்கள். கேட்க வேண்டியதில்லை. அந்த மனிதர் சொன்னதை நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள் என்பதுதான் கேட்கவில்லை. லாரிச் சத்தத்தில் போய்விட்டது. "என் மருமகளைப் பத்தி அப்படிப் பேசாதீங்க" என்று சொல்லியிருப்பீர்கள் என்று இத்தனை நாளும் நானாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

போகட்டும். பொய் சொன்னீர்கள், வியாபாரம். நானும் கடையில்தான் இருந்தேன், எனக்கும் தெரியும். ஆனால் மாதிரி ஆல்பத்தின் கடைசிப் பக்கத்தில் "ஓவியம்: மருதப்பன், சென்னை" என்று அச்சடித்து ஒட்டியிருக்கிறீர்களாமே. நான் போன பிறகு ஒட்டினீர்களா, இருக்கும்போதேவா? நாங்கள் இருவரும் சேர்ந்து அச்சடித்த முதல் பத்திரிகை எங்கள் கல்யாணப் பத்திரிகைதான். அதிலே என் பேரை மூலையில் சின்னதாகப் போடச் சொன்னவர் உங்கள் மகன். "வரைஞ்சவ பேரு இருக்கணும், அப்பதான் அடுத்தவன் தேடி வருவான்" என்றார். உங்களிடம் கற்றுக்கொண்ட வியாபாரம்தானே அவருக்கும். இல்லாத ஆளுக்குப் பேர் வைத்தீர்கள். இருக்கிறவள் பேரை எடுத்துவிட்டீர்கள்.

இன்னும் ஒன்று. இதை எழுதலாமா வேண்டாமா என்று மூன்று தாளைக் கிழித்தேன். அவர் போன பிறகு நீங்கள் சொன்னீர்கள்: "நீ பத்து மணிக்கு மேல வந்தாப் போதும்மா. ராத்திரியெல்லாம் தூங்காம கெடக்கே." நான் நம்பினேன். என் அப்பா இருந்திருந்தால்கூட இப்படிச் சொல்லியிருக்க மாட்டார் என்று ஜோனிடம் சொல்லி அழுதேன். சனிக்கிழமை பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போதுதான் உறைத்தது. பத்து மணிக்குள் கடையில் போணி முடிந்துவிடும். அன்றைய முதல் வியாபாரம் என் முகத்தில் விழிக்காமல் நடந்துவிடும்.

அதற்காகத்தானா மாமா? ஞாயிற்றுக்கிழமை லூர்து மாதா கோயிலில் முதல் பெஞ்சில் உட்காருகிறவர் நீங்கள். அதனால் கேட்கிறேன்.

உர்சுலா


கேம்பல் லேன்
26 பிப்ரவரி 1979

உர்சுலாவுக்கு மாமா எழுதுவது.

பத்திரிகைகள் வந்தன. சுத்தமான வேலை. ரத்தினம்மா வாங்கிக்கொண்டு போய்விட்டார். உன் கூலி கவரில் இருக்கிறது. அதைத் திருப்பி அனுப்பாதே. வேலைக்குக் கூலி, அதில் ரோஷம் வேண்டாம்.

கேட்டாய், சொல்கிறேன். ஆமாம், போணிக்காகத்தான். உன் தூக்கத்துக்காகவும்தான். எது எவ்வளவு என்று பிரித்துக் காட்டச் சொன்னால் எனக்குத் தெரியவில்லை. நான் நாற்பத்தெட்டில் கப்பலில் வந்து இறங்கியபோது இன்னொருவர் கடை வாசலைக் கூட்டினேன். அந்த முதலாளி போணி ஆகும்வரை சில்லறைகூட மாற்றித் தரமாட்டார். அங்கே பிடித்த பழக்கம். சாமியாரிடம் கேட்டால் பாவம் என்பார். கடையில் ஒருநாள் காலை ஒரு அம்மாள் படியேறியவள், உன்னைப் பார்த்துவிட்டு, "அப்புறம் வரேன்" என்று திரும்பிப் போனாள். நீ கவனிக்கவில்லை. மறுநாள்தான் உன்னைத் தூங்கச் சொன்னேன். நீ கவனித்துவிடக் கூடாது என்பதும் அதில் இருந்தது. இதற்கு மேல் எனக்கு நியாயம் பேசத் தெரியாது. மன்னிப்புக் கேட்பதற்காகவும் இதை எழுதவில்லை.

தனியாகத் தொழில் செய்யப் போகிறாய் என்று கபீர் சொன்னார். அட்டைக்குப் பதினைந்து காசு சொல்கிறாயாமே. உனக்குக் கிறுக்கா? தாள் எட்டுக் காசு, கவர் நாலு, மை ஒன்று. நூறு அட்டையில் பத்து வீணாகும். அதை யார் தலையில் கட்டுவாய்? உன் கை வேலைக்கு என்ன போட்டாய்? ஒன்றும் போடவில்லை. கை வேலை செய்கிறவர்கள் எல்லாரும் செய்கிற தப்பு இது. பிடித்த வேலை என்பதால் அதற்குக் கூலி கேட்கக் கூச்சப்படுகிறீர்கள். முப்பது காசுக்குக் குறைந்து வாயைத் திறக்காதே. வாயைத் திறந்த பிறகு நீயாகக் குறைக்காதே, அவர்கள் பேசட்டும்.

பாதிப் பணம் முன்னால் வாங்கு. பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் எழுத்துப்பிழை பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகு அச்சடி. தாத்தா பேரில் ஒரு கால் விட்டுப்போனால் மொத்தமும் உன் செலவு. போஸ்ட் ஆபீஸ் சேமிப்பு வங்கியில் தொழிலுக்கென்று தனிக் கணக்குத் திற. ஜோன் வீட்டு அரிசிச் செலவும் அட்டைச் செலவும் ஒரே பையில் கிடந்தால் மூன்று மாதத்தில் எது லாபம் என்று தெரியாது. மனம் ஓடாத நாளில் வரையாதே, கவர் மடி. கை சும்மா இருந்தால்தான் மனம் கெடும்.

இவ்வளவும் சொன்னதால் நீ போனதை நான் ஏற்றுக்கொண்டேன் என்று அர்த்தமில்லை.

சவரிராஜ்


புக்கிட் மேரா
20 மே 1979

மாமா,

முப்பது காசு சொல்லிப் பார்த்தேன். ஒருவர்கூட ஓடவில்லை. அதற்கு நன்றி.

ஜோன் வீட்டுக் கூடத்தில்தான் வேலை. கயிறு கட்டி, துணி காயப்போடும் கிளிப்பில் அட்டைகளை மாட்டுகிறேன். மழை நாளில் தலைமுடி காயவைக்கிற மெஷினால் ஒவ்வொன்றாக ஊதுகிறேன். அத்தான் மை வாடைக்கு மூக்கைப் பிடித்துக்கொண்டே சாப்பிடுகிறார். ஒன்றும் சொல்வதில்லை. அதுதான் கஷ்டமாக இருக்கிறது. புதுநன்மை வாங்குகிற பிள்ளைகளுக்குக் கோயிலில் அட்டை கேட்டார்கள், செய்தேன். கேலாங்கில் கேக் கடை வைத்திருக்கும் ருக்கையா அம்மா பெட்டிக்கு லேபல் கேட்டார், மாதாமாதம் போகிறது. அரிசிக்கு ஆகிறது.

கல்யாணப் பத்திரிகை மட்டும் நகரவில்லை. போன வாரம் துறைமுகத்தில் வேலை செய்கிற ஒருவர் வந்தார். ஆல்பம் முழுக்கப் பார்த்தார், வாழைமரம் போட்டதை எடுத்தார், ஐந்நூறு அட்டை என்றார். முன்பணத்தை எண்ணப் போனவர் கேட்டார்: "யாருமா வரையுறது?" நான்தான் என்றேன். "பரவால்லயே! வீட்டுக்காரர் என்ன பண்றாரு?" இறந்துவிட்டார் என்றேன். ஒரு பொய் சொல்லியிருக்கலாம். வெளியூரில் இருக்கிறார் என்றால் போதும். வாயில் வரவில்லை. அவர் பணத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுட்டு வரேன் லா" என்றார். இப்படி வந்து போனவர்களில் இவர் மூன்றாவது ஆள்.

ஆக, நீங்கள் சொன்னது உண்மைதான். அதை ஒப்புக்கொள்ள இதை எழுதவில்லை. காரியமாக ஒன்று கேட்கிறேன். தங்க எழுத்து இல்லாமல் கல்யாணப் பத்திரிகையை யாரும் கையில் எடுப்பதில்லை. சைனாடவுனில் ஒரு சீனர் அச்சகத்தில் கொடுத்து அழுத்தி வாங்குகிறேன். அட்டைக்கு ஏழு காசு அங்கே போய்விடுகிறது. உங்கள் மகன் ஓட்டிய தங்க அச்சு மெஷின் உங்கள் கடையில் துணி போட்டு மூடியே கிடக்கிறதாமே. வாடகைக்குத் தருவீர்களா?

அத்தைக்குச் சர்க்கரை எப்படி இருக்கிறது?

உர்சுலா


கேம்பல் லேன்
2 ஜூன் 1979

உர்சுலாவுக்கு மாமா எழுதுவது.

மெஷின் மூடிக் கிடக்கவில்லை. ஒரு பையனை வைத்து ஓட்டிப் பார்த்தேன். அது ஓடும் சத்தம் வீட்டுக்குள் கேட்டால் அத்தை அடுப்பை அணைத்துவிட்டுக் குப்புறப் படுத்துக்கொள்கிறாள். அதனால் அவள் கோயிலுக்குப் போகும் நேரம் பார்த்து நானே ஓட்டுகிறேன். வாடகைக்குத் தரமாட்டேன்.

வேறு ஒன்று சொல்கிறேன், கோபப்படாமல் படி. மருதப்பனைக் கேட்டு ஆட்கள் வருகிறார்கள். சிராங்கூன் ரோட்டில் அவன் பேர் பரவிவிட்டது. கபீர்கூட, "மருதப்பனா? பாரிமுனையில பாத்திருக்கேன், வெத்தலை போட்ட வாய்" என்று அடித்துவிடுகிறார். நான் இரண்டு பேரை வைத்து வரையச் சொன்னேன். ஒருவன் வரைந்த மயிலைப் பார்த்து, "இது என்ன, கோழியா?" என்று ஒரு பெரியவர் கேட்டார்.

நீ வீட்டிலிருந்தே வரை. நான் அவன் பேரில் விற்கிறேன். மருதப்பன் என்றால் நாற்பது காசு தருகிறார்கள். செலவு போக மிச்சத்தில் ஆளுக்குப் பாதி. உன்னை யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். பேரைக் கொண்டுபோய்க் கொடுத்தால் மளிகைக்கடையில் அரிசி போடுவார்களா, யோசித்துப் பார்.

சவரிராஜ்


புக்கிட் மேரா
9 ஜூன் 1979

மாமா,

கப்பல் பட்டறையில் அத்தானை நிறுத்திவிட்டார்கள். ஜோன் என்னிடம் சொல்லவில்லை. பக்கத்து வீட்டில் சொல்லித்தான் தெரிந்தது.

மருதப்பன் வரைவான். நாற்பது காசு இல்லை, நாற்பத்தைந்து சொல்லுங்கள். பெரிய ஓவியர் அல்லவா.

கணக்கை மாதக் கடைசியில் கபீர் பாயிடம் கொடுத்தனுப்புங்கள். ஃபோன் வேண்டாம்.

உர்சுலா


கேம்பல் லேன்
25 அக்டோபர் 1979

உர்சுலாவுக்கு மாமா எழுதுவது.

இந்த மாதக் கணக்கோடு ஒரு பொட்டலம் வருகிறது. பிரித்துவிட்டுத் திட்டாதே. ரத்தினம்மா மகளும் மருமகனும் தலைத்தீபாவளிக்கு வந்திருக்கிறார்கள். அந்த அம்மாள் ஒரு தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், எட்டு முழ வேட்டி, துண்டு வைத்துக் கடைக்கே கொண்டுவந்துவிட்டார். "பத்திரிகை வரைஞ்ச கை நல்லாருக்கணும். மருதப்பன் ஐயாவுக்கு அனுப்பிவைங்க" என்றார். கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் கொடுத்தார். மறுத்தால் சந்தேகம் வரும். வாங்கினேன்.

பழத்தை அத்தை சாப்பிட்டாள். வேட்டியை நான் கட்டலாமா என்று ஒருநாள் எடுத்தேன். முடியவில்லை. வரைந்தவளுக்கு வந்த மரியாதை. அதனால் உனக்கு அனுப்புகிறேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

இந்த மாதம் உன் பங்கு இருநூற்றுப் பத்து வெள்ளி.

சவரிராஜ்


புக்கிட் மேரா
3 நவம்பர் 1979

மாமா,

நேற்று கல்லறைத் திருநாள். சுவா சூ காங் கல்லறையில் உங்களையும் அத்தையையும் தூரத்திலிருந்து பார்த்தேன். நீங்கள் கைக்குட்டையால் அவர் பெயர்ப்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தீர்கள். நீங்கள் போகும்வரை பின்னால் நின்றுவிட்டு அப்புறம் போனேன். நீங்கள் ஏற்றிய மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது. என்னுடையதை அதிலேயே பற்றவைத்தேன்.

வேட்டி கிடைத்தது. ஜோன் பிரித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். உங்கள் மகன் இருந்தபோது எத்தனை பேர் வீட்டுக் கல்யாணத்துக்கு வரைந்தேன். எனக்கு யாரும் ஒரு ரவிக்கைத் துணிகூட வைத்துக் கொடுத்ததில்லை. கொடுக்க வேண்டும் என்று நானும் நினைத்ததில்லை. இப்போது கொடுக்கிறார்கள், ஆம்பளைக்கு.

நல்ல பருத்தி. கிழித்து மை துடைக்க வைத்துக்கொண்டேன்.

அத்தானுக்கு வேலை கிடைத்துவிட்டது. மருதப்பன் இனிமேல் வரையமாட்டான். கையில் இருக்கிற மூன்று ஆர்டரை முடித்துத் தருகிறேன். அதோடு சரி.

உர்சுலா


கேம்பல் லேன்
18 பிப்ரவரி 1980

உர்சுலாவுக்கு மாமா எழுதுவது.

மருதப்பன் செத்துவிட்டான்.

எத்தனை நாள்தான் "ஊருக்குப் போயிருக்கிறார், உடம்பு சரியில்லை" என்று சொல்வது? தை மாதம் பிறந்ததும் ஆட்கள் நெருக்கினார்கள். ஒருநாள், "காலமாகிட்டார்" என்று சொல்லிவிட்டேன். அதோடு ஒழிந்தது என்று நினைத்தேன். உர்சுலா, என் கடைக்குத் துக்கம் கேட்டு ஆட்கள் வந்தார்கள். பூக்கடைக்காரர் எழுந்து நின்று கும்பிட்டார். கபீர், "நல்ல மனுஷன், என்னோட ஒண்ணா டீ குடிச்சிருக்காரு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் தலையை ஆட்டினேன். என் மகன் செத்தபோது வராதவர்களில் இரண்டு பேர் இதற்கு வந்தார்கள்.

பத்து நாள் முன்னால் ரத்தினம்மா வந்தார். ஒரு வெள்ளைக் கவரைக் கல்லாவின்மேல் வைத்தார். "இதுல அம்பது வெள்ளி இருக்கு. மருதப்பன் ஐயா சம்சாரத்துக்கு அனுப்பிடுங்க. பாவம், தாலி இறங்கின பொம்பளை, இனிமே யாரு பாப்பா? என் பேரைச் சொல்ல வேணாம்" என்றார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. நடிப்பில்லை. எனக்குக் கை நீண்டது. முப்பது வருஷப் பழக்கம், யார் பணம் நீட்டினாலும் கை நீளும். கவரைத் தொட்டேன். எடுக்க முடியவில்லை.

அத்தை சாப்பாடு கொண்டுவந்திருந்தாள். அடுக்குச்சட்டியைக் கீழே வைத்துவிட்டுப் பேசினாள். ஒரு வருஷமாக என்னிடம் "சோறு", "தண்ணி" தவிரப் பேசாதவள். "என் கையில குடுங்கம்மா. மருதப்பன்னு ஒருத்தனும் இல்ல. உங்க பத்திரிகையை வரைஞ்சது எங்க மருமக. அவளுக்கும் தாலி இறங்கித்தான் இருக்கு. புக்கிட் மேராவுல இருக்கா. நான் கொண்டுபோய்க் குடுக்குறேன்."

ரத்தினம்மா கவர்மேல் கையை வைத்துக்கொண்டார். பிறகு, "எம் பொண்ணு பத்திரிகையையா?" என்றார். "ஆமா, அந்த மயிலுதான்" என்றாள் அத்தை. ரத்தினம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "அவ முழுகாம இருக்கா. இதை அவகிட்டச் சொல்லிடாதீங்கம்மா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்றார். கவரை எடுத்துக் கைப்பைக்குள் திரும்ப வைத்துக்கொண்டு போய்விட்டார்.

மருதப்பன் சம்சாரத்துக்கு ஐம்பது வெள்ளி. என் மருமகளுக்கு ஒன்றுமில்லை. அந்தக் கைப்பை மூடிய சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. நான் அந்த அம்மாளைக் குறை சொல்லவில்லை. அவருக்கு இருந்த பயம்தான் எனக்கும் இருந்தது. கைப்பையை மூடுகிறேன் என்றுகூடத் தெரியாமல் நானும் மூடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

விஷயம் பரவிவிட்டது. நாலு ஆர்டர் போய்விட்டது. போகட்டும். ஆல்பத்திலிருந்து அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன். நீ திரும்பி வா. எட்டு மணிக்கு வா, ஏழு மணிக்கு வா, கடையை நீயே திற. அத்தை உன் அறையைக் கூட்டிவைத்திருக்கிறாள்.

சவரிராஜ்


கேலாங்
9 மார்ச் 1980

சவரிராஜ் அண்டு சன் கடை முதலாளி அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. அத்தை புதன்கிழமை வந்திருந்தார். கருவாட்டுக் குழம்பு கொண்டுவந்தார். அவர் என் அட்டைகளுக்கெல்லாம் கிளிப் மாட்டிவிட்டுப் போனார்.

நான் திரும்பி வரவில்லை. நாலு ஆர்டர் போன பிறகு என் பேரைச் சொல்கிறீர்கள். போவதற்கு முன்னால், அத்தை சொல்லும் முன்பே நீங்கள் சொல்லியிருந்தால் நானே உங்களோடு நின்று அந்த நஷ்டத்தைத் தாங்கியிருப்பேன். எனக்கு அது போதுமாயிருந்திருக்கும்.

ருக்கையா அம்மா கேக் கடையின் முன்பக்கத்தில் ஒரு மேசை போடும் இடத்தை வாடகைக்குத் தந்திருக்கிறார். பலகை எழுதி மாட்டிவிட்டேன்: "உர்சுலா ஆம்ப்ரோஸ். கல்யாணப் பத்திரிகை வரைந்து அச்சிடப்படும்." வேண்டாதவர்கள் பலகையைப் படித்துவிட்டு அப்படியே போய்விடலாம். முன்பணத்தை எண்ணிவிட்டுத் திரும்ப மடிக்க வேண்டியதில்லை. இதுவரை ஒரே ஒரு ஆர்டர். பெண்ணும் மாப்பிள்ளையும் ஆசிரியர்கள். அவர்களே வந்து அவர்களே எடுத்தார்கள்.

தங்க அச்சு மெஷின் விற்பனைக்கு உண்டா? இனாமாக வேண்டாம். ஐந்நூறு வெள்ளி தருகிறேன்.

உர்சுலா ஆம்ப்ரோஸ்


கேம்பல் லேன்
15 மார்ச் 1980

திருமதி உர்சுலா ஆம்ப்ரோஸ் அவர்களுக்கு,

வாங்க வருகிறவரை நான் ஒருபோதும் நீ என்று பேசியதில்லை. ஆகவே இந்தக் கடிதத்தில் நீங்கள் என்றே எழுதுகிறேன். எழுத வரவில்லை, மெதுவாக எழுதுகிறேன்.

ஐந்நூறு என்பது பழைய இரும்புக்காரர் சொல்லும் விலை. இந்த மெஷின் ஜப்பானில் செய்தது. சூடு சீராக ஏறும். தங்கத்தாள் ஒட்டாமல் போனால் மெஷின்மேல் தப்பில்லை, அட்டை ஈரமாக இருக்கிறது என்று பொருள். கைப்பிடியில் இருந்த ஆட்டத்தை என் மகன் சரிசெய்திருக்கிறான். தொள்ளாயிரம் வெள்ளி.

வீட்டில் சண்டை. "பெத்த புள்ள ஓட்டுன மெஷினுக்கு அவன் பொண்டாட்டிகிட்டயே வெலை பேசுறீங்களா? தூக்கிக் குடுங்க" என்கிறாள் உங்கள் அத்தை அந்தோனியம்மாள். தூக்கிக் கொடுத்தால் நீங்கள் வாங்க மாட்டீர்கள். வாங்கினாலும் கிறிஸ்துமஸுக்கு வந்து நன்றி சொல்ல வேண்டியிருக்கும். குறைத்துக் கொடுத்தால் பரிதாபம் என்பீர்கள். ஆகவே வேறு யாரிடமும் எப்படிப் பேசுவேனோ அப்படித்தான் உங்களிடமும் பேசுகிறேன். எனக்குத் தெரிந்த மரியாதை இதுதான்.

சவரிராஜ்


கேலாங்
20 மார்ச் 1980

முதலாளி அவர்களுக்கு,

ஜப்பானில் செய்ததுதான், ஆனால் எட்டு வருஷம் ஓடியது. இடப்பக்கத் தகடு லேசாக வளைந்திருக்கிறது. பெரிய அட்டை போட்டால் ஓரத்து எழுத்து மங்கும். நீங்கள் அதைச் சொல்லவில்லை. நான் அதன் பக்கத்தில் ஐந்து வருஷம் நின்றவள்.

எழுநூறு. அதற்கு மேல் முடியாது.

நீங்கள் என்று எழுதியதைப் படித்துவிட்டு வேலையை நிறுத்திக் கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்தேன்.

உர்சுலா ஆம்ப்ரோஸ்


கேம்பல் லேன்
24 மார்ச் 1980

திருமதி உர்சுலா ஆம்ப்ரோஸ் அவர்களுக்கு,

தகடு வளைந்திருப்பது உண்மை. நீங்கள் கண்டுபிடிக்காமல் இருந்திருந்தால் வருத்தப்பட்டிருப்பேன். நல்ல வியாபாரிக்கு விற்கிறேன் என்ற திருப்தி எனக்கு இருக்கிறது. அது மட்டும்தான் இருக்கிறது.

துடைத்து எண்ணெய் போட்டுவிட்டேன். அத்தை பக்கத்தில் நின்றாள். சத்தம் வராமல் கையால் ஒருதரம் மேலும் கீழும் இழுத்துப் பார்த்தாள்.

கபீர் நடுவில் நின்று பேசி முடித்தபடி:

தங்க அச்சுக் கைமெஷின் ஒன்று, இருக்கும் நிலையில். விலை எழுநூற்று ஐம்பது வெள்ளி. முன்பணம் நூற்று ஐம்பது. மீதியை மாதம் ஐம்பதாகப் பன்னிரண்டு மாதத்தில் கட்ட வேண்டும். வட்டி கிடையாது. லாரிக் கூலி வாங்குகிறவருடையது. ரசீது உர்சுலா ஆம்ப்ரோஸ் பேரில். தவணை தவறினாலும் மெஷினைத் திரும்பக் கேட்கும் உரிமை விற்றவருக்கு இல்லை.

சவரிராஜ்